ஊத மறுப்பது உரிமையா?

"மதுவைத் தொட்டறியாத என்னையா ஊதச் சொல்வது?" பண்டசோழநல்லூரிலிருந்து வில்லியனூர் செல்லும் வழியில் காவலர் நிறுத்தினால் நம் இளைஞர்களுக்கு இவ்வாறு சினம் எழலாம். ஆயினும் மறுப்பது நமக்கே கேடாகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி, ஐயுற நியாயமான காரணம் இருந்தால் சீருடைக் காவலர் மூச்சுப் பரிசோதனை கோரலாம். மறுப்பவர் குடித்திருப்பதாக ஐயுறக் காரணமிருப்பின், பிடியாணையின்றிக் கைது செய்யலாம். தக்க காரணமின்றி மறுத்தது வழக்கிலும் எதிராக நிற்கும். கைதானவருக்கும் உரிமை உண்டு: 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும்.

ஊதுவதால் நோன்பு முறியாது. மூச்சு வெளியேறுகிறதேயன்றி எதுவும் உட்செல்வதில்லை. புதிய ஊதுகுழல் தருமாறு பணிவுடன் கேட்பதிலும் தவறில்லை.

இரவில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் சென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், எதிர்ப்பட்ட அன்சாரித் தோழர்கள் இருவரிடம், உடன் வருபவர் தம் மனைவியே எனத் தாமாகவே தெளிவுபடுத்தினார்கள். ஐயம் அகற்றுவதை அண்ணலார் இழிவாகக் கருதவில்லை. நமக்கு மட்டும் அதில் என்ன கௌரவக் குறைவு?

மதுக்கடைகள் மலிந்த புதுச்சேரியில், போதையில் வாகனம் ஓட்டுவோரிடமிருந்து நம் பிள்ளைகளைக் காப்பதும் இச்சோதனையே. குடிக்காதவருக்கு ஒரு மூச்சே சாட்சி. அதனைத் தயங்காது அளிப்போம். வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.