அலார்தே: பழக்கம்னு சொன்னா ஆச்சா?

மார்ச் குளோசிங், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஆடிட், அப்புறம் ரீஜனல் ஆபீஸ் ரிட்டர்ன்ஸ். ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரவே இல்லை. போன வாரம் இங்கே போபாலில் லஞ்ச் நேரத்தில் நடந்த ஒரு வாக்குவாதம் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே சொல்ல விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா மகள் எம்.பி.ஏ. படிக்கும்போது 2023 ஜனவரியில் ஒரு செமஸ்டருக்கு எக்ஸ்சேஞ்சில் ஸ்பெயின் போனாள். காலேஜ் சான் செபாஸ்தியானில். அந்த ஊர் வாடகை கட்டுப்படியாகாமல், இருபது கிலோமீட்டர் தள்ளி பிரான்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிற இருன் என்ற ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல். "பாட்டி மாதிரியே திட்டித் திட்டிச் சாப்பாடு போடுறாங்க மாமா" என்பாள்.

அந்த ஊரின் பெரிய நாள் ஜூன் 30, சான் மார்சியால் நாள். 1522-ல் அதே தேதியில் ஊருக்குப் பக்கத்து மலையில் பிரெஞ்சுப் படையை அடித்து விரட்டினார்கள். வருடா வருடம் நன்றி செலுத்த வருவோம் என்று நேர்ந்துகொண்டார்கள். அந்த நேர்ச்சையும், ஊர்க்காவல் படையை வருடம் ஒருமுறை ஆயுதத்தோடு நிறுத்திக் கணக்குப் பார்க்கிற பழைய வழக்கமும் சேர்ந்ததுதான் 'அலார்தே' என்கிற ஊர்வலம். தெருவுக்கு ஒரு கம்பெனி (நம்ம கம்பெனி இல்லை, படைப்பிரிவு). சிவப்புத் தொப்பி, தோளில் துப்பாக்கி, குழல், பறை, குதிரை, பீரங்கி என்று ஆயிரக்கணக்கில் ஆண்கள் நடப்பார்கள். சதுக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் சுடும்போது கிழவர்கள் அழுவார்களாம். இவளுக்கும் அழுகை வந்ததாம், ஏன் என்றே தெரியாமல். நம்ம ஊர் கொடையில் நடுச்சாமத்து மேளம் உச்சத்துக்குப் போகும்போது வருமே, அந்த மாதிரி.

இதில் பெண்ணுக்கு ஒரே ஒரு இடம். கம்பெனிக்கு ஒருத்தி. அவள் பெயர் கான்தினேரா. அழகாக உடுத்தி, கையில் விசிறியோடு சிரித்துக்கொண்டே நடக்க வேண்டும். மற்ற பெண்கள் ஓரமாக நின்று கைதட்டலாம்.

1996-ல் அந்த ஊர்ப் பெண்கள் சிலர் "நாங்களும் சிப்பாயாக நடப்போம்" என்று வரிசையில் இறங்கினார்கள். அடித்துத் தள்ளி வெளியேற்றினார்கள். பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1998-ல் பாஸ்க் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2002-ல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. இதற்கிடையில் பழமைக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஊர்வலத்தை முனிசிபாலிட்டி கையிலிருந்து எடுத்து, இது தனியார் நிகழ்ச்சி என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து இருனில் ரெண்டு அலார்தே. ஆணும் பெண்ணும் சேர்ந்து நடக்கிற சின்னது காலையில் முதலில். 'எப்போதும் போல' நடக்கிற பெரியது அதற்கப்புறம். எப்போதும் போல என்பதற்கு பாஸ்க் மொழியில் 'பெத்திகோ'. அந்தக் கட்சிக்கு அதுதான் பெயர்.

அந்த வீட்டுக்கார அம்மா பெத்திகோ. அவருடைய மகள், ரெண்டு தெரு தள்ளி இருப்பவர், சின்ன ஊர்வலத்தில் குழல் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காரும் அம்மாவும் மகளும் ஜூன் வந்தால் பேசிக்கொள்வதில்லை. அந்த ஊரில் இப்படிப் பிரிந்த வீடுகள் நிறைய.

முதல் நாள் ராத்திரி அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, காலைல அந்த அக்கா ஊர்வலத்துக்குப் போய்க் கைதட்டலாமா? இவங்க வருத்தப்படுவாங்க."

நான் இருபது வருஷ பேங்க் அனுபவத்தோடு பதில் சொன்னேன். "நீ விருந்தாளிம்மா. அவங்க ஊர், அவங்க வழக்கம். வேடிக்கை பார்த்துட்டு வா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள். "பாட்டிகிட்ட தலைக்கட்டு வரி வாங்க மாட்டோம்னு சொன்னப்ப ஊர்ல எல்லாரும் விருந்தாளியாத்தான் இருந்தாங்களா மாமா?"

அப்பா 2009-ல் போனார். அடுத்த கொடைக்கு அம்மா வரியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். "ஆம்பளை இல்லாத வீடு தலைக்கட்டுல வராது, மகன் பேருல போட்டுக்கிறோம்" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் அந்தச் சாமிக்குப் பொங்கல் வைத்த கை. நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? "விடும்மா, பணம் மிச்சம்" என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

போன வாரம் இதை (தலைக்கட்டுக் கதையை விட்டுவிட்டு) லஞ்சில் சொன்னபோது நாலு பேரில் மூணு பேர், நான் அன்றைக்கு போனில் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். சரி சார், ஆடிட் பண்ணிப் பார்த்துவிடுவோம்.

எப்போதும் போல என்கிறார்களே, எப்போதிலிருந்து? 1522-ல் எவனும் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு சண்டை போடவில்லை. அது 19-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்களில் பிரபலமான தொப்பி. பாஸ்க் பகுதியின் பழைய தனி உரிமைச் சட்டங்களை 1876-ல் மாட்ரிட் ஒழித்தபோது ஊர்க்காவல் படையே அடிப்படை இல்லாமல் போய்விட்டது. இப்போது நடப்பது அதற்குப் பிறகு திருவிழாவாக மாற்றிக் கட்டிய ஊர்வலம். கான்தினேராவும் அந்தக் காலத்துச் சரக்குதான். அதாவது, விசிறி பிடிக்க ஒரு பெண்ணைப் புதிதாகச் சேர்த்தபோது மரபு கெடவில்லை. துப்பாக்கி பிடிக்க ஒரு பெண் வந்ததும் கெட்டுவிட்டது. இதையெல்லாம் விடப் பெரிய வேடிக்கை, அந்தச் சண்டையைப் பற்றி அவர்களே சொல்லிவரும் கதை. முதல் நாள் ராத்திரி தீப்பந்தங்களோடு நடந்து, படை இந்தப் பக்கம் வருகிறது என்று எதிரியை ஏமாற்றிய கூட்டத்தில் ஊர்ப் பெண்களும் இருந்தார்கள் என்பது அந்தக் கதையிலேயே இருக்கிறது! ஓப்பனிங் பேலன்ஸிலேயே பெண் இருக்கிறாள், நடுவில் யாரோ அடித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

தனியார் நிகழ்ச்சி என்ற வாதத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு பெயர் உண்டு. வராக்கடனை வராக்கடன் என்று காட்டாமல் இருக்க, புதுக் கடன் கொடுத்துப் பழசை மூடுவது. எவர்கிரீனிங் என்போம். ரிசர்வ் வங்கி பிடித்தால் தொலைந்தோம். கோர்ட் கூடாது என்று சொன்ன அதே ஊர்வலம் அதே தேதியில் அதே தெருவில் போகிறது, லெட்ஜரில் தலைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தெரு தனியாருடையதா? ஊர் பேரைச் சொல்லி நடக்கிற நேர்ச்சை தனியாருடையதா?

"அந்த ஊர்ப் பெண்களிலேயே நிறையப் பேர் பழசைத்தானே ஆதரிக்கிறார்கள்?" ஆமாம், ஆதரிக்கிறார்கள். அந்த வீட்டுக்கார அம்மா உட்பட. அவர் நல்லவர், அதிலும் சந்தேகமில்லை. ஓரமாக நின்று கைதட்டுவது பிடித்தவர்கள் தாராளமாக நிற்கட்டும், யாரும் கையில் துப்பாக்கியைத் திணிக்கவில்லை. நடக்க ஆசைப்படுகிறவளை நிறுத்தத்தான் அவர்களுடைய ஓட்டு செல்லாது.

பக்கத்து ஊர் ஒந்தாரிபியாவைப் பாருங்கள். 1638-ல் முற்றுகை விலகியதற்காக அங்கே செப்டம்பர் 8-ல் அலார்தே. ஹைஸ்கிபெல் என்ற கலப்புக் கம்பெனி 1997-லிருந்து இருக்கிறது. அவர்கள் நடந்து வரும்போது ஓரத்தில் நிற்பவர்கள் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து மறைத்தார்கள், விசிலடித்தார்கள், முதுகைக் காட்டினார்கள். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்லை, பல வருஷம். எங்கள் மரபு பலமானது என்று நம்புகிறவனுக்கு எதற்கு சாமி பிளாஸ்டிக் ஷீட்?

அக்கா மகள் காலையில் போனாள். அந்த அம்மா கட்டிவிட்ட சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டே போய்க் கைதட்டினாள். அப்புறம் பெரிய ஊர்வலத்துக்கும் போய் அந்த அம்மா பக்கத்தில் நின்றாள். ராத்திரி சாப்பாடு வந்தது, திட்டு மட்டும் வரவில்லை. கிளம்புகிற அன்று, துணியை நீயே வைத்துக்கொள் என்று சொன்னாராம்.

இந்த வருஷக் கொடைக்கு வரி கேட்டு முந்தாநாள் ஊரிலிருந்து போன் வந்தது. "என் தலைக்கட்டு ஒண்ணு, அம்மா தலைக்கட்டு ஒண்ணு, அவங்க பேருலயே தனி ரசீது போடுங்க, ரெண்டையும் சேர்த்து அனுப்புறேன்" என்றேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இதுவரை பதில் இல்லை.