பட்டாபிராமில் எத்தனை எழுத்து?

இன்றைக்கு ஒரு கடுப்பான விஷயம். முதலில் ஒரு சின்னக் கேள்வி. 'பட்டாபிராம்' என்ற பெயரில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டு எண்ணும்: ப, ட், டா, பி, ரா, ம். ஆறு. நான் எழுதிய ப்ரோக்ராம் 33 என்றது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை... 'ஊர்ப் பெயர் மிக நீளம், சரியாக நிரப்பவும்' என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியது.

எங்கள் கல்லூரி முத்தமிழ் விழாவுக்குப் பெயர் பதிய ஒரு பக்கம் செய்யச் சொன்னார்கள். பிஎச்பியில் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு, பெரிய சாதனை செய்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு ஜூனியர் வந்தாள். அவளும் நம்ம ஊர்தான். "அண்ணா, நாலு தடவை போட்டுட்டேன், எடுக்கவே மாட்டேங்குது."

நான் சொன்ன பதில்: "நீ ஏதாவது தப்பா டைப் பண்ணிருப்ப."

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்காகத்தான். எதையும் பார்க்காமல், எதிரில் நிற்பவள் மேல் பழியைப் போட்டேன் பாருங்கள், அந்தத் திமிருக்காக.

அன்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஊர்ப் பெயருக்கு 30 எழுத்து என்று எல்லை வைத்திருந்தேன். பிரவுசரில் 'மேக்ஸ்லெங்த்' இருந்தது. அது யூனிகோட் குறிகளை எண்ணும்; புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி. பட்டாபிராமுக்கு 11. ஓகே சொல்லி அனுப்பிவிட்டது. சர்வரில் நான் போட்டது 'ஸ்டர்லென்'. அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8ல் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 11 பெருக்கல் 3, மொத்தம் 33. வெளியே போ! 'எம்பி ஸ்டர்லென்' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒரே ஒரு வரி.

அதற்குள் அவள் வெறுத்துப்போய் ஊர் 'சென்னை' என்று போட்டுவிட்டாள். 18 பைட், உள்ளே போய்விட்டது. ஆவடி மாநகராட்சிப் பெண் என் டேட்டாபேஸில் சென்னைவாசி ஆகிவிட்டாள். :)

சிரிப்புதான். ஆனால் இதில் ஒரு விஷயம் பயமுறுத்துகிறது. அவள் என்னைத் தேடி வந்ததால் எனக்குத் தெரிந்தது. வராமல் போனவர்கள்? டேட்டாபேஸைத் திறந்தால் எல்லாமே சுத்தமாக இருக்கிறது. இருக்காதா பின்னே? பொருந்தாதவர்களை எல்லாம் வாசலிலேயே துரத்தியாகிவிட்டதே! 'எங்கள் யூசர் யாருக்கும் இந்தப் பிரச்சனை வந்ததில்லை' என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

என் படிவத்தில் போனது ஒரு ஊர்ப் பெயர். பெரிய படிவங்களில் போவது ஆளின் பெயரே. 'சர்நேம்' கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். நமக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரின் முதலெழுத்து, நம் பெயர், அவ்வளவுதான். பிரவுசிங் சென்டரில் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒரு புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். அது எடுக்காவிட்டால் அதே பெயரை இரண்டு தடவை அடிப்பார்கள். அப்புறம் ஒரு கார்டில் ஒரு பெயர், இன்னொன்றில் வேறு பெயர். பான் கார்டு விண்ணப்பத்தில் இனிஷியலே கூடாது, விரித்து எழுத வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் உள்ளே விடமாட்டோம் என்றது. பிறகுதான் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று இறங்கி வந்தது. அதே தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில், இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசாணை வந்தது. நல்லது. இப்போது இனிஷியலுக்கு ஒரு எழுத்து என்று எல்லை வைத்த படிவத்தில் 'கி' என்று அடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு!

"வேலிடேஷன் இல்லேன்னா ஹேக் பண்ணிடுவாங்க மச்சி" என்று ஒரு நண்பன் கிளம்புவான். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு மருந்து பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்ட். பக்கத்தில் ஸ்கிரிப்ட் ஓடாமல் இருக்க, காட்டும்போது எஸ்கேப் செய்ய வேண்டும். டி'சோசா என்ற பெயரில் இருக்கும் அந்தக் குட்டி மேற்கோள் குறியைத் தடுப்பது பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம். சர்வரில் சோதனை கட்டாயம் வேண்டும், பிரவுசரை நம்பவே கூடாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதைச் சோதிப்பது? ப்ரோக்ராமுக்கு உண்மையிலேயே தேவையானதை மட்டும். தேதியைக் கணக்குப் போடப் போகிறாயா, தேதியா என்று பார். பெயரை வைத்து என்ன கணக்குப் போடப் போகிறாய்? காலியாக இல்லையென்றால் வாங்கிக்கொள்.

நான் இப்போது மூன்று வேலை செய்கிறேன். திருப்பி அனுப்பும் ஒவ்வொன்றையும், எந்தக் கட்டம், எந்த விதி என்று லாகில் எழுதி வைக்கிறேன் (பாஸ்வேர்டு மாதிரி ரகசியங்களைத் தவிர). அடித்ததை அழிக்காமல் அப்படியே திருப்பிக் காட்டுகிறேன். 'சரியாக நிரப்பவும்' என்பதைத் தூக்கிவிட்டு, எங்கே என்ன சிக்கல் என்று சொல்கிறேன். லாகில் ஒரே விதியில் நாலு பேர் மாட்டினால், தப்பு அந்த விதியில்தான்.

2024 நவம்பரில் நம்ம பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். நாளைக்கு நம் செட்டில் யாராவது அங்கே உட்கார்ந்து கோடு அடிக்கப் போகிறோம். நம் எல்லோருக்கும் இனிஷியல் இருக்கிறது, சர்நேம் இல்லை. அப்படியிருந்தும் எங்கிருந்தோ காப்பி அடித்த படிவத்தில் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை அப்படியே விட்டுவைத்தால், அதைவிடக் கேவலம் உண்டா? அடுத்த தடவை யாராவது "எடுக்கவே மாட்டேங்குது" என்று வந்தால், முதலில் உங்கள் கோடைத் திறந்து பாருங்கள்.

அந்த ஜூனியரிடம் சாரி சொல்லிவிட்டேன். ஊரையும் மாற்றிவிட்டேன்.