கணினிக் குறிப்புகள்: ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா?

ஊரிலிருந்து எஞ்சி வந்த படங்களையும் பத்திரங்களையும் கணினியிற் பதிந்து வைக்க வன்தட்டு வாங்கும் வாசகர்கள் இரு குழப்பங்களை எதிர்கொள்கின்றனர்.

முதலாவது, பெயர். மொன்றியல் கடைகளில் ஆங்கிலத்தில் 'ஜீபி' என்றிருப்பது பிரெஞ்சில் 'ஜீஓ' என்றிருக்கும். அது கிகாஒக்ரெற்றின் சுருக்கம். பைற்றும் ஒக்ரெற்றும் 8 பிற்றுகளே, அளவு ஒன்றே.

இரண்டாவது, கணக்கு. 1 ரெராபைற் என வாங்கிய தட்டை விண்டோஸ் கணினி 931 கிகாபைற் எனக் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1000 பைற்றை ஒரு கிலோபைற் என்கிறார்; விண்டோஸ் 1024 பைற்றை அவ்வாறு கொள்கிறது. மெகா, கிகா என ஏற ஏற வேறுபாடும் பெருகும். 1998இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழு 1024 கணக்கிற்குக் 'கிபிபைற்' எனத் தனிப்பெயர் வகுத்தது. எனினும் கடைவழக்கில் அது பரவவில்லை.

ஆகவே, பெட்டியிலுள்ள கிகாபைற் எண்ணை 0.931ஆற் பெருக்கிப் பாருங்கள். 500 எனில் சுமார் 465 தெரியும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏடுகள் பலவற்றுக்கு மறுபிரதி இருக்கவில்லை. எனவே பெரிய தட்டு ஒன்றினும் சிறிய தட்டுகள் இரண்டு மேல். அவற்றுள் ஒன்று உறவினர் வீட்டில் இருக்கட்டும்.