மலையேற்றத்தில் வலுவிழக்கும் மோட்டார்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17 உள்ளன. ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலுள்ள ஊரை விட்டுப் புறப்படும் வண்டி, சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் கேரள எல்லையை அடைகிறது. இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கும் இதுவே வழி. இவ்வேற்றத்தில் டர்போ பொருத்திய வண்டி ஒன்று இழுவை குன்றிக் கரும்புகை கக்குமாயின், "டர்போ போய்விட்டது" என்ற தீர்ப்பு உடனே வழங்கப்படுகிறது. அளவு எதுவும் எடுக்காமல் வழங்கப்படும் இத்தீர்ப்பு முறையானதன்று; பல வேளைகளில் உண்மையுமன்று.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு விசையாழியைச் சுழற்றுகிறது. அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். உயரத்தில் இதன் பயன் யாது என்பதை அறிய, 1918இல் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கே ஒரு விமான எஞ்சினைக் கொண்டு சென்று சோதித்தார். மலையே அவருக்கு ஆய்வுக்கூடமாயிற்று. போடிமெட்டுச் சாலையையும் அவ்வாறு கருதுதல் தகும்.

முதலில் அறிய வேண்டுவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் 1,013 மில்லிபார் உள்ள அழுத்தம், போடிமெட்டில் ஏறத்தாழ 860 மட்டுமே. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், உட்புகு குழாயின் அழுத்த உணரி இவ்வெளியழுத்தத்தையே காட்ட வேண்டும். இதனை அறியாதவர், நல்ல உணரியைப் பழுதென்று கழற்றிவிடுவர். சுமையுடன் ஏறும்போது உணரி 1,900 காட்டுமாயின், டர்போ தரும் மிகையழுத்தம் 1,040 ஆகும். வழக்கம்போல் 1,013ஐக் கழிப்பவருக்கு 887 மட்டுமே கிடைக்கும். இல்லாத குறையொன்று பிறந்துவிடும். ஆதலின், வேண்டப்படும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஸ்கேனரில் ஒருங்கே ஒப்பிடுவதே நேர்வழி. ஒருவர் வண்டியை ஓட்ட, மற்றொருவர் அளவைக் குறித்தல் வேண்டும்.

குறை உண்டென உறுதியானபின், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் வேண்டும். காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா? ஓஸ் குழாய்களும் கிளிப்புகளும் இண்டர்கூலரும் கசிகின்றனவா? வண்டி நிற்கையில் மூடியிருக்கும் வெடிப்பு, அழுத்தம் ஏறியதும் திறந்துகொள்ளும். எனவே குறைந்த அழுத்தத்தில் காற்றை உட்செலுத்திச் சோப்புநீர் தடவிப் பார்த்தல் நன்று. அடுத்து, வேஸ்ட்கேட்டும் அதனை இயக்கும் சிறு குழாய்களும். பின்னர், புகைவழிக் கசிவும் அடைப்பும். தண்டின் ஆட்டத்தையும் எண்ணெய் வரத்தையும் இறுதியிற் காண்க.

அனுபவமுள்ள மெக்கானிக்குக்குச் செவியே போதும் என்பர். சீறும் ஒலியைக் கேட்டே கசிவை உணர்வோர் உளர் என்பது மெய்யே. ஆயினும் செவி, தேட வேண்டிய இடத்தைக் காட்டலாம்; தீர்ப்புக் கூற அளவே வேண்டும். கசிவை விட்டுவிட்டுப் புதிய டர்போவைப் பொருத்தினால், இழப்பை ஈடுசெய்ய அது வரம்பு மீறிச் சுழன்று விரைவில் அழியும். செலவும் இருமடங்காகும், இடைவழியில் இழுவையற்று நிற்கும் ஜீப்பில் இருப்போரின் பாதுகாப்பும் கேள்விக்குரியதாகும்.

காற்றழுத்தம் உயரத்திற்கேற்பக் குறையும் என்பது பள்ளிப் பாடமே. அப்பாடத்தைப் பட்டறை வரையில் கொண்டு சேர்ப்பது ஆசிரியர்க்கும் களப்பணியாளர்க்கும் உரிய கடமையாகும். கழற்றும் கருவிக்கு முன்னர் அளக்கும் கருவியைக் கையிலெடுக்கும் பழக்கம் இளந்தொழிலாளரிடம் வேரூன்றுமாயின், அதுவே அப்பாடத்தின் முழுப் பயன்.