இறகு கொட்டினால் அறுத்துவிடுவதா?

எங்கள் தோட்டத்து வான்கோழிச் சேவலுக்குப் பெயர் ஆடிட்டர். வங்கியில் முப்பத்துநாலு வருஷம் குப்பை கொட்டியவன் வைத்த பெயர் என்று சொல்லாமலே விளங்கும். கேட்டைத் திறந்து யார் உள்ளே வந்தாலும் வாலை விரித்து, மூஞ்சியைச் சிவப்பாக்கிக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் விடும். ஒரு நண்பர் வீட்டுக் கிறிஸ்மஸ் விருந்துக்கு என்று வாங்கியது. அவர் அந்த வருஷம் ஊருக்கு வரவில்லை. அப்படியே தங்கிவிட்டது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் பழையகாயல் பக்கம் இருக்கிற எங்கள் தோட்டம் தண்ணீருக்குள் போனது. நாட்டுக்கோழி ஒன்று மிஞ்சவில்லை. இது மட்டும் மோட்டார் ரூம் கூரையில் ஏறி இரண்டு நாள் உட்கார்ந்திருந்து பிழைத்தது. அதற்குப் பிறகு அதை அறுக்கிற பேச்சையே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது.

போன ஆவணியில் ஒருநாள் காலை கொட்டகையைத் திறந்தால் தரை முழுக்க இறகு. நெஞ்சில் திட்டுத்திட்டாகத் தோல் தெரிகிறது. வாலில் நாலைந்துதான் மிச்சம். வெள்ளத்துக்குப் பிறகு வாங்கிய இரண்டு பெட்டைகளுக்கும் அதே கதி, முட்டையும் நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, சீக்கு வந்துட்டு. மத்ததுக்குப் பரவுறதுக்குள்ள அறுத்துருங்க” என்றார். மருந்துக்கடையில் ஒரு ஆன்டிபயாட்டிக் பொடியை எடுத்து நீட்டினார்கள். நம் இயக்கத்து நண்பர் ஒருவர் போனில், “விடுங்க சார், இயற்கை பார்த்துக்கிடும்” என்றார்.

மூன்றுமே தப்பு. முதல் இரண்டையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். மூன்றாவது நம்ம வீட்டுத் தப்பு என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வளர்ந்த வான்கோழி வருஷத்துக்கு ஒரு தடவை பழைய இறகை உதிர்த்துப் புதிது போட்டுக்கொள்ளும். பகல் வெளிச்சம் குறையத் தொடங்கும்போது இது நடக்கும். எங்கள் தோட்டத்தில் ஆவணியில் ஆரம்பித்து ஐப்பசிக்குள் முடிகிறது. இது சீக்கு இல்லை. ஆனால் சும்மா நடக்கிற காரியமும் இல்லை. இறகில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு புரதம். உடம்பு முழுக்க மூடுகிற அளவு புரதத்தைச் சில வாரத்தில் அந்தப் பறவை செய்தாக வேண்டும். பெட்டை முட்டையை நிறுத்துவது அதனால்தான்.

நாம் என்ன செய்கிறோம்? முட்டை வரவில்லையே என்று தீவனத்தைக் குறைக்கிறோம். வங்கியில் தென்னைக்குக் கடன் கொடுக்கும்போது மரம் காய்க்கும்வரை தவணை கேட்க மாட்டோம். அந்த வருஷங்களுக்கான பராமரிப்புச் செலவையும் சேர்த்தேதான் கடனைக் கணக்கிடுவோம். வருமானம் இல்லாத காலத்தில்தான் செலவு அதிகம் என்பது வங்கிக்கே தெரியும்போது உழவனுக்குத் தெரியாதா? முட்டைப் பண்ணைகளில் இதை இன்னும் கொடுமையாகச் செய்து வந்தார்கள். வயதான கோழிகளைப் பல நாள் பட்டினி போட்டு, வேண்டுமென்றே இறகை உதிரவைத்து, மறுபடியும் முட்டைக்குத் திருப்புவது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி இது குற்றம் என்று 2011-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் சொல்லிவிட்டது. ‘இயற்கை பார்த்துக்கும்’ என்று வெறும் கம்பை அள்ளிப் போடுகிற நாமும் அந்தப் பாதையில் பாதி தூரம் போனவர்கள்தான்.

எல்லா இறகு உதிர்வும் பருவ உதிர்வு ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பருவ உதிர்வு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும். வழுக்கையில் புது இறகு முள்முள்ளாகக் கிளம்பியிருக்கும். தீவனம் எடுக்கும். றெக்கைக்கு அடியிலும் எச்சம் போகிற இடத்திலும் இறகின் அடியில் வெள்ளையாக முட்டை அப்பியிருந்தால் அது பேன். பகலில் ஒன்றும் தெரியாமல் ராத்திரியில் மட்டும் பறவை தவித்தால், டார்ச் எடுத்துக்கொண்டு போய் பரண் கட்டையின் இடுக்குகளைப் பாருங்கள், செள்ளு இருக்கும். பெட்டையின் முதுகு மட்டும் மொட்டையாக, கீறலாக இருந்தால் அது சேவலின் கைங்கரியம், கொஞ்ச நாள் பிரித்து வைக்க வேண்டும். பேனுக்கு நான் செய்வது புழுதிக் குளியல்: தேரி மணல், அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலைத் தூள், மூன்றையும் கலந்து நனையாத இடத்தில் ஒரு குழி. புது முள்ளுக்குள் ரத்தம் ஓடுகிறது, தொட்டால் வலிக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளைத் தூக்க விடாதீர்கள். முறிந்து ரத்தம் வந்தால் மஞ்சள் தூளை வைத்து அழுத்திப் பிடித்து, மற்றதுகள் கொத்தாதபடி தனியே விடுங்கள்.

இனி தீவனம். இறகுக்குக் கந்தகம் சேர்ந்த புரதச் சத்து வேண்டும், மெத்தியோனின் என்பார்கள். கடையில் அதை ரசாயனமாக விற்கிறார்கள். நமக்கு அது தேவையில்லை. பயறு வகைகளில் அது குறைவு, எள்ளிலும் மீனிலும் தாராளம். நான் கம்பும் உடைத்த சோளமும் போடுகிற பாத்திரத்தில் எள்ளுப் புண்ணாக்கைச் சேர்க்கிறேன், மேலே முருங்கைக் கீரை. சாணியும் நனைந்த சாக்கும் வைத்துப் பானையைக் கவிழ்த்தால் மறுநாள் கரையான் கிடைக்கும். தூத்துக்குடிக்காரனுக்கு மீனுக்கா பஞ்சம்? விலைபோகாத காரலை உப்பில்லாமல் வேகவைத்து ஆளுக்கு ஒரு கைப்பிடி.

உப்பில்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருஷம் கருவாட்டுத் தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டேன். பறவைகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தன, கழிச்சல் எடுத்தன, பிறகு கால் தடுமாறின. அப்போது இருந்த ஒரு பெட்டை செத்துப்போனது. உப்பள ஊரில் பிறந்தவன் உப்பின் குணம் தெரியாமல் செய்த காரியம். வான்கோழிக் குஞ்சு உப்பைத் தாங்கவே தாங்காது. நம் கடலோரத்து போர் தண்ணீரே சப்புக்கரிக்கும், அதோடு கருவாடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குடிக்க நல்ல தண்ணீர் தனியாக வையுங்கள். சிப்பி ஓட்டுத் தூளும் இங்கே எளிதாகக் கிடைக்கும், போடலாம். அது முட்டை ஓட்டுக்கு, இறகுக்கு இல்லை.

இன்னொன்று கடலைப் புண்ணாக்கு. மழைக்காலத்தில் பூசணம் பிடித்ததை வான்கோழிக்குக் காட்டவே காட்டாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கின் பூசணம் என்று கண்டார்கள். அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உலகம் அறிந்துகொண்டது அதிலிருந்துதான்.

“வெளிநாட்டுப் பறவை, நம்ம சீதோஷ்ணத்துக்கு ஆகாது” என்று சிலர் சொல்வது சரியில்லை. மெக்சிகோவிலிருந்து உலகம் சுற்றிய பறவைதான். ஆனால் நாட்டுக் கறுப்பையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி-1’ என்று நம் ஊருக்கென்றே ஒரு ரகம் இருக்கிறது. (மூதுரையில் மயிலைப் பார்த்து ஆடி அசிங்கப்பட்டது இதே பறவைதானா என்பதைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.) இறகில்லாத நாளில் வாடைக்காற்றும் மழையும்தான் எமன். கொட்டகையின் வடகிழக்குப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டி, தரையைக் காய்ந்த தவிட்டுமியால் நிரப்பினேன்.

ஐப்பசிக் கடைசியில் ஆடிட்டருக்கு வால் முழுசாக வந்துவிட்டது. பெட்டைகள் முட்டைக்கு வரக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடித்தது. உதிர்ந்த இறகு ஒரு சாக்கு சேர்ந்தது. இறகில் தழைச்சத்து அதிகம், மக்கத்தான் நாளாகும். சாணியோடு கலந்து வாழைத் தூரில் புதைத்திருக்கிறேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் போன வாரம் வந்தார். அவர் வீட்டுச் சேவலும் கொட்ட ஆரம்பித்திருக்கிறதாம். “எள்ளுப் புண்ணாக்கு எங்க அண்ணாச்சி வாங்குதீக?” என்று கேட்டார். செக்குக்கு வழி சொன்னேன். கருவாட்டு விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன்.