பாலில் விஷமா, புத்தியில் விஷமா?

எச்.ஐ.வி. கண்ட தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்தால் "மகா பாபம்" என்று ஊரார் தூற்றுகிறார்கள். 1986-இல் இக்கிருமி இந்தியாவில் முதன்முதல் சென்னையில் கண்டறியப்பட்டபோது மருந்து கிடையாது; இன்று உண்டு. தாய் தினந்தோறும் மாத்திரை உட்கொண்டு கிருமியை அடக்கி வைத்திருந்தால், பால் வழியே தொற்றும் அபாயம் நூற்றுக்கு 1-க்கும் குறைவு. அது அடியோடு பூஜ்யமல்ல. ஆகையால் குழந்தைக்கும் மருந்தும் பரிசோதனையும் அவசியம். இத்தகைய தாய் முதல் 6 மாதம் தன் பாலை மட்டுமே கொடுக்கலாமென்றும், பிறகும் 2 வருஷம் வரை தொடரலாமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, சேனை தொட்டு வைப்பதும், மந்திரித்த கயிற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவதுமல்லவா விஷம்? "தலைவிதி" என்போரை நாம் கேட்கின்றோம்: மாத்திரைக்கு மாறும் விதிக்கு என்ன யோக்கியதை? தாய்மார்களே! பழிக்கு அஞ்சாதீர்கள், மாத்திரை வேளை தவறுவதற்கே அஞ்சுங்கள்.