வீடு திரும்பின பிறகு...?

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறும்போது கையில் ஒரு மர்ம நாவல் இருந்தால் போதும். பி.முட்லூர் தாண்டுவதற்குள் பாதி முடிந்துவிடும்! பெண்ணைக் கடத்துகிறார்கள், அவள் எப்படியோ தப்புகிறாள், பிறகு ஒவ்வொருத்தனாகப் பழி வாங்குகிறாள். கடைசிப் பக்கத்தில் வில்லன் சாய்ந்ததும் நமக்கு 'அப்பாடா' என்றிருக்கும்.

இது ஒன்றும் புதுசு இல்லை, சகோதரிகளே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935-லேயே சினிமாவாகவும் வந்துவிட்டது. பழி வாங்குகிற கதையோ நம் பக்கத்துப் பாட்டிமார்களுக்குத் தலைகீழ்ப் பாடம். திரௌபதி அம்மன் திருவிழாவில், மண்ணால் செய்த துரியோதனன் மடிந்து, அம்மன் கூந்தல் முடிகிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகமாட்டார்கள்.

ஆனால் தப்பி வந்தவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது என்ன நடக்கிறது? மர்ம நாவல்கள் அந்த இடத்தில் சட்டென்று 'முற்றும்' போட்டுவிடுகின்றன. அங்கேதான் ஆரம்பித்தார், கடலூரில் பிறந்த ஜெயகாந்தன்.

1966-ல் ஆனந்த விகடனில் வந்த அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' ஞாபகம் இருக்கிறதா? கொட்டுகிற மழையில் காலேஜ் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொள்கிறான் ஒருவன். கத்தி இல்லை, முகமூடி இல்லை. ஆனாலும் ஏமாற்றி ஓர் இடத்திலிருந்து அழைத்துப் போவதும் கடத்தல்தான் என்கிறது சட்டம். கெட்டு, நனைந்து வந்த மகளை அம்மா முதலில் அடிக்கிறாள். பிறகு தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். எத்தனை கண்டனம் வந்தது தெரியுமோ, இப்படியும் ஓர் அம்மாவா என்று!

அதே சம்பவத்தை எடுத்துக்கொண்டு, அம்மாவை மட்டும் மாற்றி, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல்; 1977-ல் லட்சுமி நடித்துப் படமாகவும் வந்தது. இதில் அம்மா ஊர் கேட்க அலறிவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். ஆதரவு தந்த மாமாவின் பார்வையும் சரியில்லை. பல வருஷம் கழித்து கங்கா அந்தக் கார்க்காரனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பழி வாங்கவா? அதுதான் இல்லை! அவனைவிட அவள் வீடு அவளுக்குச் செய்தது பெரிசாக இருக்கிறது. எந்தத் துப்பறியும் கதையைவிடவும் என்னை நடுங்க வைத்தது இதுதான்.

முதல் கதையின் அம்மாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒன்று... நிஜத்தில் இப்படி ஒரு பெண் வந்து நின்றால், அந்தத் தண்ணீரை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். அணைத்துக்கொள்ளுங்கள், போர்வை கொடுங்கள், அடிக்காதீர்கள். டாக்டர் பார்க்கிற வரை குளிக்க வேண்டாம். குளித்தால் சாட்சியம் போய்விடும். குளித்தேவிட்டாலும் பரவாயில்லை, உடனே கிளம்புங்கள். கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும், எச்.ஐ.வி. வராமல் தடுக்கவும் மருந்து உண்டு. 72 மணி நேரத்துக்குள், அதுவும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

போலீஸில் எழுதிக் கொடுத்தால்தான் வைத்தியம் என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது. தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் இதற்குக் காசு வாங்கக் கூடாது. கடலூர்க்காரர்களுக்கு அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 181-க்குப் போன் செய்யுங்கள். குழந்தை என்றால் 1098.

உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல், காகிதத்தில் சுற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரத்தில் கெட்டுவிடும்.